ஆறு பேர் படுக்கும் வண்டி

ஆஸ்திரேலியாவில், கிளேட்டன் என்ற இடத்தில் நான் வாடகைக்கு இருந்த பின்னறைக்கும் வீட்டுக்காரர்களின் குசினிக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. குசினி என்பது சமையலறை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருடமாக அந்தக் கதவைத் தேவைக்கு மட்டுமே திறந்தோம். அன்ரி, அதாவது வீட்டுக்கார அம்மா, எப்போதாவது ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பை நீட்டுவார், நான் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தருவேன். 2012 பிறந்து நான்கு வாரம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை அன்ரியே கதவைத் தட்டி, என்னை உள்ளே அழைத்து, கதிரையில் உட்கார வைத்து, கேட்காமலே தேநீரில் சீனி போட்டார். மார்ச் மாத நீண்ட வார இறுதியில் பஃபலோ மலைக்குப் போகலாம் என்று யோசிப்பதாகவும், உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போவதாகவும், நானும் வர வேண்டும் என்றும் சொன்னார்.

நான் ஈரோட்டுக்காரன். அப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளனாக இருந்தேன். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்பது என் ஆராய்ச்சி. முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணமாகாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். உண்மையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா ஊரில் பார்த்த பதினொரு இடமும் தட்டிப்போயிருந்தன. தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு ஆளுக்கு என்று அரிசியை அளந்து போட்டுவிட்டு, இன்னும் ஒரு பிடி சேர்ப்பேன்.

அன்ரிக்கும் அங்கிளுக்கும் ஒரே மகள். வயது இருபத்தொன்பது, ஒரு மருத்துவமனையில் மருந்தாளர், கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்று தகவலும் எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது அந்தச் சனிக்கிழமைதான்.

ஏன் கேம்பர்வேன் என்று கேட்டேன். கூடாரத்தில் பாம்பு வரும் என்றார் அன்ரி. ஹோட்டல் என்றால் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பிறகு மனுசரோடு மனுசர் பழகுவது எப்படி என்றார். மொத்தம் ஆறு பேர். அவர்கள் மூவர், நான், சிட்னியிலிருந்து தெரிந்தவர்கள் இருவர். ஆறு பேர் படுக்கும் வண்டி இருக்கிறதாம், கணக்கும் சரியாக வருகிறதாம்.

எங்கள் ஊரில் பெண் பார்ப்பதை நேராகச் செய்ய மாட்டார்கள். பட்டுக்கடைக்குச் சேலை எடுக்கப் போவார்கள், அங்கே தற்செயலாக இன்னொரு குடும்பமும் வந்து நிற்கும். பவானி கூடுதுறைக்குச் சாமி கும்பிடப் போவார்கள், அங்கேயும் தற்செயல்தான். பிடிக்காமல் போனால் சேலை எடுக்க வந்தோம், எடுத்தோம், போனோம். யாருக்கும் மானக்கேடு இல்லை. ஆகவே ஒரு தாய், கல்யாணமாகாத மகளோடு நான்கு நாள் ஒரே வண்டியில் பழகலாம் வா என்று கூப்பிட்டால், அது மலையைப் பார்க்க அல்ல என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. என் அப்பா அம்மா ஊரில் இருப்பதால், பெரியவர்களாக நின்று பேச சிட்னியிலிருந்து இருவரை வரவழைக்கிறார்கள் என்றும் நானே முடிவு செய்துகொண்டேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வண்டியை நான்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள். அங்கிளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது, தூரம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் ஓட்டலாம்தான். ஆனால் லாரி அளவு வண்டியை அவள் ஓட்டிக்கொண்டு வருவது பார்க்க நன்றாக இருக்காது என்றார் அன்ரி. யார் பார்க்க என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாமனார் வீட்டு வண்டிச் சாவி கைக்கு வருவதாக நினைத்தவன் கேள்வி கேட்பானா.

அடுத்த சனிக்கிழமை அன்ரி ஒரு கோடு போட்ட தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்த தேதி என்ன, எந்த ஊரில் பிறந்தீர், இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருடம். பிறந்த தேதியைக் கேட்டதும் நேரத்தையும் சொன்னேன். நேரத்தைச் சொன்ன கையோடு உத்திரட்டாதி, மீன ராசி என்பதையும் சொன்னேன். அன்ரி ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார். அந்த ஒரு கணத்தை வெட்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு உடம்பைப் பற்றிக் கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, கண் எப்படி. அம்மா பார்த்த பதினொரு இடத்தில் நான்கு இடத்தில் இதே கேள்விகளைத்தான் தரகர் மூலம் கேட்டிருந்தார்கள். இவர்கள் நேரிலேயே கேட்கிறார்கள், நாணயமான மனிதர்கள் என்று நினைத்தேன். போலீஸ் கேஸ் ஏதும் உண்டா என்றார். இல்லை என்றேன். விபத்தில் மாட்டியதுண்டா என்றார். கை காலில் ஏதும் குறை உண்டா என்பதை எவ்வளவு நாகரிகமாகக் கேட்கிறார் பார் என்று மெச்சிக்கொண்டேன்.

அன்ரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, குறை நினையாதையும். நீர் குடிக்கிறனீரோ?"

"இல்லைங்க அன்ரி. வாசனையே ஆகாது."

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆய்வுக்கூட நண்பர்களோடு இரண்டு பியர் குடிப்பவன் நான். அன்றோடு நிறுத்தினேன். கடைசிக் கேள்விகள் மூன்றும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தன. இரவில் நன்றாகத் தூங்குவீரா, வளைவுகளில் தலை சுற்றுமா, பெரிய வண்டியைப் பின்னால் எடுக்க வருமா. முதலிரண்டையும் எப்படியோ குடும்ப வாழ்க்கையோடு பொருத்திவிட்டேன். மூன்றாவது பொருந்தவில்லை. வரும் என்று சொல்லிவிட்டு, வராததால், அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் பல்கலைக்கழகத்தின் பெரிய வேனைக் கேட்டு வாங்கிக் காலியான வாகன நிறுத்தத்தில் பின்னால் எடுத்துப் பழகினேன். இரண்டு குப்பைத் தொட்டிகளை இடித்திருக்கிறேன்.

பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் இரண்டு பக்கமும் நகல் எடுத்துத் தரச் சொன்னார். நிரந்தர வதிவுரிமை கிடைத்த கடிதத்தையும் கேட்காமலே நகல் எடுத்துச் சேர்த்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு இந்த நாட்டில் அதைவிடப் பெரிய சீர் எது?

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய் தகப்பனுக்கு அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். என்னோடு மட்டும் தமிழில் பேசுவாள். இதை நான் மிகப் பெரிய ஆதாரமாக வைத்திருந்தேன். பல மாதம் கழித்துத்தான் சொன்னாள், என் ஆங்கிலத்தை இரண்டு தடவை திருப்பிக் கேட்க வேண்டியிருந்ததாம், தமிழே சுலபமாம். என்னை அண்ணா என்று அவள் கூப்பிட்டதில்லை என்பது இரண்டாவது ஆதாரம். எந்தப் பெயரிலும் கூப்பிட்டதில்லை என்பதை ஏனோ நான் கணக்கில் எடுக்கவில்லை.

மலை மீது ஏரிக்கரையில் இருக்கும் முகாம் இடத்தை நானும் அவளும்தான் மடிக்கணினியில் தேடிப் பதிவு செய்தோம். கழிப்பறைக்கு அருகில் உள்ள இடமா, தள்ளி உள்ள இடமா என்று வெகுநேரம் பேசினோம். அவள் தள்ளித்தான் வேண்டும் என்றாள். ஏன் என்றேன். "எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கொண்டிருக்கப் போகினம். ஒருக்கா எழும்பி நடந்திட்டு வாறதுக்காவது ஒரு சாட்டு வேணுமெல்லோ" என்று சிரித்தாள். என்னோடு நடப்பதற்கு என்று வைத்துக்கொண்டேன். இந்த உலகத்தில் எதைச் சொன்னாலும் அதை எனக்கு என்று வைத்துக்கொள்ளும் நிலைமையில் இருந்தேன் அப்போது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் திட்டமிடும் கூட்டம் குசினி மேசையில் நடந்தது. படுக்கை வரைபடம் போடும் வேலை என்னுடையது. என்ஜினீயரிங் படித்தவன் என்பதால் அளவோடு வரைந்தேன். யார் எங்கே படுப்பது என்பதுதான் அந்த வண்டியின் மிகப் பெரிய அரசியல். மகள் ஒரு கோடியில், பக்கத்தில் அன்ரி, நடுவில் திரைச்சீலை, திரைக்கு இந்தப் பக்கம் அங்கிள். சிட்னிக்காரர்களுக்குத் திரையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இடம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் போல ஒரு படுக்கை உண்டு, அது எனக்கு. பெண்ணிடமிருந்து அதிகபட்ச தூரம் அதுதான் என்பதை அளந்து பார்த்தபோது, அன்ரியின் கட்டுப்பாட்டை மனதுக்குள் பாராட்டினேன்.

வண்டிக்குள் இருந்த கழிப்பறை பெரும் சிக்கலாகிவிட்டது. அதன் தொட்டியை யாராவது கழற்றிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று படித்துச் சொன்னேன். புதிதாகப் பழகும் மனிதர்களுக்கு நடுவே, மெல்லிய ஒரு கதவுக்குப் பின்னால் யாரும் உட்கார முடியாது என்று அங்கிள் தீர்ப்புச் சொன்னார். அந்த அறையில் வெங்காயமும் தேங்காயும் அரிசி மூட்டையும் வைப்பதென்று முடிவாயிற்று. பிறகு சோறு வைக்கும் குக்கர். மலையில் மின்சாரம் கிடையாது, வண்டியின் பேட்டரியில் குக்கரை ஓட்ட முடியாது என்று ஒரு தாள் முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அன்ரி கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிக் குக்கரைப் பெட்டியில் வைத்தார்.

இதற்கிடையில் நான் ஒரு தப்பு செய்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதல் வாரம் அம்மா, "சிலோன்காரங்களா? நம்ம ஆளுங்க இல்லையே" என்று போனை வைத்துவிட்டார். இரண்டாவது வாரம் பெண்ணுக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டார். மூன்றாவது வாரம் தமிழ் பேசுகிறவர்கள்தானே, அதற்குமேல் என்ன வேண்டும் என்று எனக்கே எடுத்துச் சொன்னார். நான்காவது வாரம் சித்தியிடமும் பெரியம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. மகன் மலைக்குப் போய்ப் பெண் பார்க்கப் போகிறான் என்பது அந்தத் தெருவுக்கே செய்தியாம். பதினொரு வீட்டில் தலை குனிந்து திரும்பிய என் அம்மாவின் குரல் அன்று எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வரும்.

புறப்படும் வெள்ளிக்கிழமை வந்தது. நானும் அவளும் ரயிலேறி, கிரெய்கிபர்ன் போகும் பாதையில் இருந்த வண்டி வாடகைக் கூடத்துக்குப் போனோம். புதுச் சட்டை போட்டிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்து, வண்டி ஓட்டப் போவது யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் படிக்க ஆரம்பித்தார். பிறந்த தேதி. பிறந்த நாடு. ஆஸ்திரேலியாவில் எத்தனை வருடம். கண் பார்வை. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு. கடந்த ஐந்து வருடத்தில் விபத்து. போலீஸ் வழக்கு. மது.

நான்காவது கேள்வியிலேயே காது சூடாகிவிட்டது. அவள் பையிலிருந்து அன்ரியின் கோடு போட்ட தாளை எடுத்து, எல்லாம் தயாராக எழுதி வைத்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பதிலாக அவளே பதில் சொன்னாள். இணையத்தில் கிடைத்த படிவத்தை அவள் அச்செடுத்துக் கொடுக்க, அன்ரி அதைத் தமிழில் கேட்டிருக்கிறார். அதுதான் நடந்தது. தாளின் தலைப்பில் 'சாரதி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. ஓட்டுநர் என்பதற்கு அவர்களுடைய சொல். உத்திரட்டாதி, மீன ராசி, பிறந்த நேரம் மூன்றின் மீதும் மெல்லியதாக ஒரு கோடு இழுத்து அடித்திருந்தார் அன்ரி. என் மனது நோகக் கூடாது என்று நான் பார்க்கும்போது அடிக்காமல் விட்டிருக்கிறார், நல்ல மனுஷி.

கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

வண்டியைக் கிளப்பி நெடுஞ்சாலைக்கு வந்தேன். வண்டி ஒரு வீட்டைப் போலப் பின்னால் ஆடிக்கொண்டு வந்தது. பிறகு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல, சிட்னியிலிருந்து வருகிறவர்கள் யார் என்று கேட்டேன்.

"அம்மா சொல்லேல்லையோ? என்னைப் பாக்க வருகினம். தாயும் மகனும். பிளாக்டவுனில இருக்கினம். அவர் பல் டொக்டர்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சரிவரும் வரைக்கும் வெளியில சொல்லக் கூடாதாம். நீங்களும் ஒண்டும் தெரியாத மாதிரியே இருங்கோ" என்றாள்.

ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பதில் எனக்கு ஆறு வாரப் பழக்கம் இருந்தது. பயணத்தின் மாறுவேடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவன், மாப்பிள்ளையைத்தான் தப்பாகக் கண்டுபிடித்திருந்தேன். வலித்தது. யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது, திட்ட ஒருவரும் அகப்படவில்லை. யாரும் எனக்கு எதையும் வாக்குக் கொடுக்கவில்லையே.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"வண்டியை நீங்கள் ஓடுறதெண்டால்தான் நான் வருவன் எண்டு அம்மாட்டைச் சொன்னனான்."

அந்த நிலைமையிலும் என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஏன் என்று கேட்டேன்.

"மலையில போய் நிண்டாப் பிறகு எனக்குப் பிடிக்கேல்லை எண்டால் என்ன செய்யிறது? நாலு நாளும் அவைக்கு முன்னால சிரிச்சுக்கொண்டு இருக்க என்னால ஏலாது. போன முறை வந்த ஆக்களுக்கு முன்னால அப்பிடித்தான் இருந்தனான். பிறகு ஒரு கிழமை முழுக்க வேலைக்குப் போகேல்லை. நான் உங்களைப் பாத்து ஒரு சொல்லுச் சொன்னால், ஏனெண்டு கேக்காமல் வண்டியைத் திருப்போணும். அதைச் செய்யக்கூடிய ஆள் நீங்கள் ஒராள்தான்."

எனக்கு அதுவரை அவளுக்கும் இது பயமாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. பதினொரு வீட்டுக் கதையும் எனக்கு மட்டுமே நடப்பது போல நினைத்திருந்தேன். சரி, திருப்புகிறேன் என்றேன். அங்கிள் திட்டினாலும் திருப்புகிறேன் என்றேன். பிறகு, கேட்கக் கூடாததையும் கேட்டேன்.

"ஒருவேளை பிடிச்சிருந்தா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மெல்ல ஓடுங்கோ."

வீட்டு வாசலில் சிட்னிக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். தொப்பையும் வழுக்கையுமாக ஒருவன் வந்திருப்பான் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தேன். வந்தவன் என்னைவிட உயரம், என்னைவிட இளையவன், பல் டாக்டர் என்பதால் பல்வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். "அண்ணை, நான் ஏத்துறன், நீங்கள் களைச்சுப்போயிருப்பீங்கள்" என்று என் கையிலிருந்த அரிசி மூட்டையை வாங்கிக் கழிப்பறைக்குள் வைத்தான். வெறுக்கக் கொஞ்சமும் இடம் தராத மனிதன். அம்மாவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. போனை அணைத்து டாஷ்போர்டுக்குள் போட்டேன்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். அவள் பின்னால் தாயோடு உட்கார்ந்தாள், எதிரில் அவன். அங்கிள் என் பக்கத்தில். அன்ரியும் சிட்னி அம்மாவும் ஊரில் யார் யாருக்கு உறவு என்று ஆரம்பித்திருந்தார்கள். முதல் பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றதும் சிட்னி அம்மா என் இருக்கைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நல்ல நிதானமாக ஓட்டுகிறீர் என்று பாராட்டிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நீர் கலியாணம் கட்டிட்டீரோ?"

ஆறு சனிக்கிழமை, ஒரு தாள் நிறையக் கேள்வி. அதில் இது இல்லை. அன்ரி என்னிடம் இதைக் கேட்கவே இல்லை என்பது அந்த விளக்கில்தான் எனக்கு உறைத்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிளும் என் பக்கம் திரும்பினார். இரண்டு வருடம் என்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்த அன்ரி கழுத்தை நீட்டி, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று மிகுந்த ஆர்வத்தோடு காத்திருந்தார். அவருக்கும் தெரியாது.

"இன்னும் இல்லைங்க" என்றேன். பச்சை விழுந்தது. வண்டியை மெல்ல எடுத்தேன்.